விழுந்த மரம், நிற்கும் சிற்பம்

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் ஏதாவது ஒரு பள்ளி வளாகத்தில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து கிடக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் வரிசை வரிசையாகவே சாய்ந்தன. அதன் பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். கிளைகளை வெட்டி வழி ஏற்படுத்துவார்கள். அடிமரம் மைதானத்தின் ஓரத்தில் சில மாதங்கள் கிடக்கும். பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், குதித்து விளையாடுவார்கள். கடிதப் போக்குவரத்து முடிந்ததும் ஏலம் போய்விடும்.

பெங்களூரு லால்பாக் பூங்காவில் வேறொன்று செய்திருக்கிறார்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அங்கே விழுந்த பழைய மரங்களை வெளியே அனுப்பாமல், சிற்பிகளை வரவழைத்து அடிமரங்களில் உருவங்களைச் செதுக்கச் செய்து, தோட்டத்துக்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். மரம் வளர்ந்த மண்ணிலேயே அதன் சிற்பம் நிற்கிறது. திருத்தணிப் பக்கத்து ஆசிரியர்கள் அரக்கோணத்தில் ரயில் மாறினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். பார்க்க வேண்டிய இடம்.

இதை நம் பள்ளியில் செய்ய முடியுமா என்று ஓவிய ஆசிரியர்கள் கேட்பதுண்டு. முடியும். ஆனால் கல்லைப் போல நினைத்து மரத்தைக் கையாண்டால் சில மழைக்காலங்களுக்குள் அது கறையான் புற்றாகிவிடும். முன்னாள் மாணவர்களிடம் நன்கொடை வாங்கி, விழா எடுத்துத் திறந்துவைத்த ஒன்று கண்ணெதிரே மட்கிப் போவதைப் பிள்ளைகள் பார்க்க நேரும். அடுத்த முறை யாரும் காசு தர மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

வெளியில் நிற்கும் மரச்சிற்பத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது நீர். அது எந்த வழியாக உள்ளே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எப்படி வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி. இது விளங்கிவிட்டால், மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து எண்ணெய் பூசுவது வரை மற்ற எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கிவிடும். கூடவே அறிவியலுக்கும் கணக்குக்கும் தமிழுக்கும் நல்ல பாடங்கள் கிடைக்கும்.

வைரம் எங்கே இருக்கிறது?

உழைத்து உரமேறிய முதியவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிறோம். இந்த வழக்கு தச்சர்களின் அறிவிலிருந்து வந்தது. வெட்டிய அடிமரத்தின் முகத்தைப் பார்த்தால் வெளிப்புறம் வெளிர் நிறத்திலும் நடுப்பகுதி கருமையாகவும் இருக்கும். வெளிப்புறம் சாற்றுக்கட்டை. உயிருள்ள மரத்தில் வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றியது அதுதான். அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருப்பதால் பூஞ்சைக்கும் கறையானுக்கும் பிடித்த உணவு. நடுப்பகுதி வைரக்கட்டை. நீர் கடத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பகுதி. டானின், பிசின் போன்ற பொருள்கள் சேர்ந்து நிறம் மாறி இறுகியிருக்கும். அந்தப் பொருள்கள் பூச்சிகளுக்கு ஆகாதவை.

உட்புறம் காழ் கொண்டவற்றை மரம் என்றும், வெளிப்புறம் காழ் கொண்டவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்களாகப் புல்லோடுதான் சேர்க்கிறது. தமிழாசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது. ஒரு பனைத் துண்டையும் ஒரு வேம்புத் துண்டையும் மேசையில் வைத்தால் போதும். எதன் உட்புறம் நாராகப் பிரிகிறது, எதன் உட்புறம் இறுகியிருக்கிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பனையைச் சிற்பமாகச் செதுக்குவது ஏன் கடினம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

எனவே விழுந்த மரம் எதுவாக இருந்தாலும் செதுக்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. புயலில் முதலில் முறிவது செம்மயிற்கொன்றை. அதன் கட்டை வெளியில் நிறுத்த உதவாது. முருங்கையைப் பற்றிப் பேசவே வேண்டாம். புங்கை நிழலுக்கு அருமையான மரம், ஆனால் கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும். மாங்கட்டை செதுக்க இணங்கும், மழையைத் தாங்காது. கூரையுள்ள இடத்துக்கே ஏற்றது. வேம்பு, பூவரசு, வாகை ஆகியவற்றின் வைரக்கட்டை நம்பத் தக்கது. என் பார்வையில் பள்ளிகளுக்கு மிகவும் பொருத்தமானது தூங்குமூஞ்சி மரம். பழைய பள்ளிகளில் பரவலாக இருக்கிறது, அடிமரம் பருத்தது, வைரக்கட்டை பழுப்பாக அழகான ரேகைகளோடு இருக்கும், உளிக்கு எளிதில் இணங்கும். உலரும்போது அதிகம் சுருங்காது என்பது அதன் பெரிய சிறப்பு. அது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும்.

வெடிப்பின் கணக்கு

அப்போதுதான் வெட்டிய மரத்தில் ஏராளமான நீர் இருக்கும். சில மரங்களில் நீரின் எடை உலர்ந்த கட்டையின் எடையையே நெருங்கும். முதலில் செல்களின் உள்ளறையில் தேங்கிய நீர் போகிறது. அதுவரை மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய பிறகு, செல்சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்குகிறது. சுருக்கம் அப்போதுதான் ஆரம்பம்.

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையங்களின் ஓட்டத்தில், அதாவது சுற்றளவுத் திசையில், பொதுவாக அதைப் போல இரு மடங்கு சுருங்கும்.

இதை ஏழாம், எட்டாம் வகுப்பில் கணக்காகவே தரலாம். ஒரு மர வட்டின் ஆரம் 7 செ.மீ. சுற்றளவு 44 செ.மீ. உலர்ந்தபோது ஆரத்திசையில் 4 விழுக்காடும் சுற்றளவுத் திசையில் 8 விழுக்காடும் சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். புதிய ஆரம் 6.72 செ.மீ. அந்த ஆரமுள்ள முழு வட்டத்துக்குத் தேவையான சுற்றளவு 42.24 செ.மீ. ஆனால் சுருங்கிய மரம் தரக்கூடியது 40.48 செ.மீ. மட்டுமே. 1.76 செ.மீ. பற்றாக்குறை. அந்தப் பற்றாக்குறைதான் வெடிப்பு. வெளிவிளிம்பில் அகலமாகவும் மையத்தை நோக்கிக் குறுகியும் அது ஏன் ஆப்பு வடிவத்தில் இருக்கிறது என்பதையும் மாணவர்கள் ஆரத்தை மாற்றிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்.

செய்துகாட்டவும் வழி உண்டு. புதிதாக வெட்டிய வேப்பங்கிளையிலிருந்து இரண்டு வட்டுகளை அறுத்து வாங்குங்கள். ஒன்றை அப்படியே வையுங்கள். மற்றொன்றில் விளிம்பிலிருந்து மையம் வரை ரம்பத்தால் ஒரு கீற்று அறுத்துவிடுங்கள். வகுப்பறை அலமாரியில் இரண்டையும் வைத்து, நாளுக்கொரு முறை எடையையும் விரிசலின் அகலத்தையும் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். சில வாரங்களில் முதல் வட்டு தன் விருப்பம்போல எங்கோ ஓரிடத்தில் வெடிக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் அறுத்த கீற்று மட்டுமே அகன்றுகொண்டு போகும். மற்ற இடம் முழுதாக இருக்கும்.

அனுபவமுள்ள மரச்சிற்பிகள் செய்வதும் இதுவே. முழு அடிமரத்தில் முகத்தைச் செதுக்கும்போது முதுகுப்புறத்தில் மையம் வரை நீளமாக ஒரு வெட்டு விடுவார்கள், அல்லது பின்னாலிருந்து குடைந்து மையப்பகுதியை எடுத்துவிடுவார்கள். வெடிப்பு பின்னால் போய்விடும், முகம் தப்பிக்கும். அதனால் ‘சிற்பத்தின் பின்புறம் ஏன் குடைந்திருக்கிறது, காசு மிச்சம் பிடித்தாரா?’ என்று சிற்பியிடம் கேட்க வேண்டாம்.

குளத்துக்குள் ஒரு மரத் திருமேனி

நீர் மரத்தின் எதிரி என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் திருத்தணியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள காஞ்சிபுரம் அப்படி முடிக்க விடாது. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி மரத்தால் ஆன அத்திவரதர் திருமேனி வைக்கப்பட்டிருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979இல் எடுத்தார்கள், அடுத்து 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள் தரிசனத்துக்கு வைத்து, மீண்டும் குளத்துக்குள் சேர்த்தார்கள். நம் மாணவர்களில் பலருடைய குடும்பத்தார் அந்த வரிசையில் நின்றவர்கள். அத்தி, வைரம் பாய்ந்த மரம் என்று பெயரெடுத்ததல்ல. அது நீருக்குள் எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

நம்பிக்கையை நம்பிக்கையாக விட்டுவிட்டு, அறிவியல் சொல்லக்கூடியதைச் சொல்லலாம். மரத்தை அழிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. முற்றிலும் நீருக்குள் மூழ்கி, காற்றோட்டம் இல்லாவிட்டாலும் வளராது. முழுதும் உலர்ந்த மரமும் முழுதும் மூழ்கிய மரமும் நெடுங்காலம் இருக்கும். நனைந்து உலர்ந்து நனையும் மரம்தான் கெடும். வேலிக்கால் எப்போதும் தரைமட்டத்தில்தான் முறிகிறது, மண்ணுக்குள் ஆழத்திலும் இல்லை, மேலேயும் இல்லை. எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார்.

1628இல் சுவீடன் நாட்டின் துறைமுகத்தில் மூழ்கிய ‘வாசா’ என்ற மரக்கப்பல் 333 ஆண்டுகள் கழித்து, 1961இல் மேலே எடுக்கப்பட்டபோது அதன் செதுக்கு வேலைப்பாடுகள் கூடப் பெருமளவு பிழைத்திருந்தன. ஆபத்து அதன் பிறகுதான் வந்தது. அப்படியே உலரவிட்டால் வெடித்துச் சுருங்கிவிடும் என்பதால் ஒரு மெழுகு போன்ற வேதிப்பொருளை 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள்.

கல் தரும் சாட்சியும் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் ஒரு கோயிலைக் குடைவித்ததாக மகேந்திரவர்ம பல்லவனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு பெருமையோடு கூறுகிறது. அதற்கு முன் மரக் கட்டடங்கள் வழக்கில் இருந்தன என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? மாமல்லபுரத்து இரதங்களில் உத்தரமும் விட்டமும் கல்லில் அப்படியே தெரிகின்றன. அந்த மரவேலைகளில் ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. திருத்தணியிலேயே அபராஜித பல்லவன் காலத்து வீரட்டானேசுவரர் கோயில், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, கல்லாக நிற்கிறது. அதைக் கட்டியவர்களின் வண்டிகளும் கதவுகளும் எங்கே?

தேர் கற்றுத்தரும் பாடம்

வெட்டவெளியில் மரச்சிற்பத்தை நிறுத்தும் கலையில் நம் ஊர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. தேர் என்பது சக்கரம் பூட்டிய சிற்பக் கூடம் அல்லாமல் வேறென்ன? அடுத்த முறை ஒரு தேர் முட்டிக்கு மாணவர்களை அழைத்துப் போனால் தெய்வ உருவங்களை மட்டும் காட்டாதீர்கள். தேரின் அடித்தட்டுகள் மேலே போகப்போக வெளியே விரிந்துகொண்டு வருவதைக் காட்டுங்கள். மேலடுக்கு கீழடுக்குக்குக் குடை பிடிக்கிறது. மழைநீர் மேல்விளிம்பிலிருந்து சொட்டித் தரையில் விழும். பொம்மைகளின் முகத்தில் வழியாது. பெரும்பாலான பலகைகளில் நார்கள் பலகையின் நீளத்தோடு ஓடுகின்றன. நார்களின் வெட்டுமுகம் வெளியே தெரியாமல் பொருத்தப்பட்டிருக்கும்.

வெட்டுமுகம் என்பது முக்கியம். மரம் என்பது ஒருவகையில் ஆயிரக்கணக்கான உறிஞ்சுகுழல்களின் கட்டு. பக்கவாட்டில் நீர் மெதுவாகத்தான் நுழையும், குழல்களின் வாய் திறந்திருக்கும் வெட்டுமுகத்தில் பல மடங்கு வேகமாக நுழையும். நிமிர்த்தி வைத்த அடிமரத்தின் தலை முழுவதும் வெட்டுமுகம். அதைத் தட்டையாக விட்டால் மழைநீர் தேங்கி நேராக உள்ளே இறங்கும். ஆகவே தலை சரிவாக இருக்க வேண்டும், அல்லது ஓர் ஓடோ செப்புத் தகடோ தொப்பியாக வேண்டும். ஆந்தை செதுக்கினால் தலைக்கு மேல் இலைக் குடை வைக்கலாம். உருவத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நீரை நினைத்துக்கொள்ள வேண்டும். நீட்டிய உள்ளங்கை, மடியில் பாத்திரம், குழிந்த இறக்கை எல்லாம் மழையில் சின்னக் குளங்கள். கொசுவும் வளரும்.

கீழ்ப்பகுதி மண்ணைத் தொடவே கூடாது. கருங்கல் பீடத்தில், இடையே காற்று போக விரல் அளவு இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். சிமென்டுக்குள் புதைத்து நட்டால் உறுதியாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நீரைத் தேக்கும் கிண்ணம்.

யார் செதுக்குவது?

இங்கே பள்ளிக்கு வெளியே இருப்பவர்களை அழைக்க வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இலும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஸ்ரீகாளஹஸ்திப் பக்கம் மாதவமாலா மரச்சிற்பிகளின் ஊர். மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவு தூரம் போவதற்கு முன் உங்கள் மாணவர்களின் பெற்றோர் பட்டியலைப் பாருங்கள். தச்சர் ஒருவராவது இருப்பார். சிற்பம் செதுக்காவிட்டாலும் எந்தக் கட்டை உளுக்கும், எது வெடிக்கும் என்பதை ஒரு தட்டுத் தட்டி ஒலியைக் கேட்டுச் சொல்லிவிடுவார். உளி, கொட்டாப்புளி, வாய்ச்சி, இழைப்புளி, அரம் என்று அவர் பையிலிருந்து எடுத்து வைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அவருடைய மகளோ மகனோ வகுப்பில் பெயரும் வேலையும் சொல்லட்டும். மதிப்பெண் பட்டியலில் பின்வரிசையில் இருக்கும் அந்தப் பிள்ளைதான் அன்றைக்கு ஆசிரியர்.

திருத்தணிப் பிள்ளைகள் பலர் வீட்டில் தெலுங்கும் பேசுபவர்கள். மரத்துக்குத் தெலுங்கில் ‘கொய்ய’ என்றும் ஒரு சொல் உண்டு. ‘கொய்யபொம்ம’ என்றால் மரப்பொம்மை. கொலுவில் வைக்கும் மரப்பாச்சியிலிருந்து பேச்சைத் தொடங்கலாம். பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தால் ஆனவை. அந்த மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும், முக்கியமாக நமக்கு வடக்கே உள்ள ஆந்திரக் காடுகளில். 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கூலிக்கு அதை வெட்டப் போய் உயிரையும் ஆண்டுகளையும் இழந்தவர்கள் தமிழகத்தின் ஏழை ஊர்களைச் சேர்ந்தவர்கள். மேல்வகுப்பு மாணவர்களிடம் இதை மறைக்க வேண்டியதில்லை. பள்ளிச் சிற்பத்துக்கு விழுந்த மரமே போதும், நிற்கும் மரம் எதுவும் வேண்டாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடைக்காது.

என்ன செதுக்குவது என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். பால்டிக் கடலோரம் லிதுவேனியா நாட்டில் யூவோட்கிராண்டே என்ற சிற்றூர். அங்குள்ள காட்டுக் குன்றில் 1979 முதல் நாட்டுப்புறச் சிற்பிகள் கோடையில் கூடி ஓக் மரத்தில் செதுக்கிய சிற்பங்கள் 80 அளவில் நிற்கின்றன. பெயரே ‘சூனியக்காரிகளின் குன்று’. தங்கள் ஊர்க் கதைகளில் வரும் பூதங்களையும், மடியில் மணலை அள்ளி வந்து அந்தக் கரையை உண்டாக்கிய அரக்கிப் பெண்ணையும், கோணல் மூக்குச் சூனியக்காரிகளையும் அங்கே காணலாம். சிலவற்றில் குழந்தைகள் ஏறிச் சறுக்கலாம், உட்காரலாம். தலைவர் சிலை ஒன்றை வைத்து வேலி போடுவதைவிட, உங்கள் ஊர்ப் பாட்டிகள் சொல்லும் கதையில் வரும் ஒரு முரட்டு யானையையோ பேசும் கிளியையோ பிள்ளைகள் தொடும் உயரத்தில் வைப்பது எனக்கு உகந்ததாகப் படுகிறது. முதலில் ஆளுக்கொரு சலவைச் சோப்பில் செதுக்கிப் பார்க்கட்டும். எந்த உருவம் உடையாமல் நிற்கிறது என்பது சோப்பிலேயே தெரிந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். பள்ளியில் விழுந்த மரம் அரசின் சொத்து. எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் ஓர் உளியும் படக்கூடாது. செதுக்கும் இடத்தில் மாணவர்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும். கடின மரத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது மூக்கில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவே வகைப்படுத்தியிருக்கிறது. சிற்பிக்கும் முகக்கவசம் கொடுங்கள். எட்டி மரம் என்றால் நச்சுத்தன்மை காரணமாகத் தொடவே வேண்டாம். வண்டிக் கழிவு எண்ணெய் பூசினால் கறையான் வராது என்று யாராவது சொல்வார்கள். பிள்ளைகள் கை வைக்கும் பொருளில் அதைப் பூசக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் நல்லது, ஆனால் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

நின்ற பிறகும் வேலை இருக்கிறது. வெயில் மரத்தின் மேற்பரப்பில் உள்ள லிக்னினைச் சிதைப்பதால் ஓரிரு ஆண்டுகளில் நிறம் சாம்பலாகும். அது நோய் அல்ல, அப்படியே விடலாம். பார்க்க வேண்டியது ஈரம். ஒரு பதிவேடு போட்டு, ஆண்டுதோறும் எட்டாம் வகுப்பிடம் ஒப்படையுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எண்ணெய். மாதம் ஒருமுறை பீடத்தைச் சுற்றிக் கறையான் மண்கோடு இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு கோணி ஊசியால் அடிப்பகுதியிலும் தலையிலும் குறித்த இடங்களில் ஆசிரியர் குத்திப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று மாணவர்கள் எழுதி வைப்பது.

அந்த எண் ஏதோ ஓர் ஆண்டு கூடத் தொடங்கும். பூரி ஜகந்நாதர் கோயிலில் வேப்பமரத் திருமேனிகளையே குறித்த ஆண்டுகளில் புதிதாகச் செதுக்கி மாற்றுகிறார்கள். 1996இலும் 2015இலும் மாற்றினார்கள். லிதுவேனியாவிலும் மட்கிய சிற்பங்களைப் பழுதுபார்த்தும் மாற்றியும் வருகிறார்கள். நீங்களும் ஊசி எளிதாக இறங்கும் நாளில் சிற்பத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, சுற்றுச்சுவர் ஓரம் கிடத்திவிடுங்கள். அதில் முளைக்கும் காளானையும் குடியேறும் வண்டுகளையும் ஆறாம் வகுப்பு வந்து எண்ணட்டும். அதற்குள் இன்னொரு மரம் சாய்ந்திருக்கும்.